பக்கத்து பப்பில் ஸ்டேக் சாப்பிடுவது எப்படி: ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேரும் நம் ஆட்கள் பலர், தெருமுனையில் இருக்கும் பப்பை வெளியிலிருந்து பார்த்தபடியே வருஷக்கணக்கில் கடந்து போகிறார்கள். குடிக்கிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் ஒரு பக்கம். உள்ளே போனால் எங்கே உட்காருவது, யாரிடம் கேட்பது, எப்போது காசு கொடுப்பது என்று ஒன்றும் புரியாத கூச்சம் இன்னொரு பக்கம். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர் என்றால் இந்த இரண்டையும் சீக்கிரம் தள்ளி வைத்துவிடுங்கள். ஸ்டேக் என்பது தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டுக்கறித் துண்டு. நல்ல கறியை, அதைத் தினமும் நூறு முறை சுட்டுப் பழகிய கையால், நியாயமான விலையில் சாப்பிட இந்த நாட்டில் பப்பைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அங்கே போய், பயத்திலோ தயக்கத்திலோ ஏதோ ஒரு கறியை ஏதோ ஒரு பதத்தில் கேட்டுவிட்டு, ரப்பர் மாதிரி இருந்தது என்று சொல்லி இரண்டாம் முறை போகாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தப் பகுதிக் கறி, எந்தப் பதம் என்பதைச் சேர்த்து யோசித்து முடிவு செய்தால் இது நடக்காது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன், அதற்கு முன் இடத்தைப் பற்றிச் சில விஷயங்கள்.

உள்ளே என்னென்ன இருக்கும்

வாசல் பலகையில் பெரும்பாலும் 'ஹோட்டல்' என்றுதான் எழுதியிருக்கும். அந்தக் காலத்து மதுச் சட்டப்படி, மது விற்கும் இடம் தங்குவதற்கு அறையும் வைத்திருக்க வேண்டும் என்பதால் வந்த பெயர் இது, பல இடங்களில் இன்று அறையே கிடையாது. உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது பப்ளிக் பார்: நின்றுகொண்டும் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தும் பீர் குடிக்கிறவர்கள், சுவர் முழுக்க டிவியில் ஃபுட்டி என்ற உள்ளூர்ப் பந்தாட்டமோ குதிரைப் பந்தயமோ. சாப்பாட்டுக்கு நீங்கள் போக வேண்டியது பிஸ்ட்ரோ என்ற பகுதிக்கு. பக்கத்திலோ பின்னாலோ மேசைகளோடு தனியாக இருக்கும். வெளியே மரநிழலில் மேசை போட்டிருந்தால் அது பீர் கார்டன், அங்கேயும் சாப்பிடலாம். சூதாட்ட இயந்திரங்கள் மின்னும் அறை தனி, மேற்கு ஆஸ்திரேலியாவைத் தவிர மற்ற மாநிலங்களில் நிறைய பப்களில் இருக்கும். அங்கே குழந்தைகள் எட்டிப் பார்க்கவே கூடாது, பெரியவர்களுக்கும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. பிஸ்ட்ரோவுக்குப் பெரியவர்களோடு குழந்தைகள் தாராளமாக வரலாம். சின்னவர்களுக்குத் தனி மெனு, வண்ணம் தீட்டத் தாளும் பென்சிலும் தருகிற இடங்கள்கூட உண்டு.

குடும்பத்தோடு பப்புக்குப் போவதா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1916ல் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா உள்ளிட்ட மாநிலங்களில் மாலை 6 மணிக்கே பப்பை மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. வேலை விட்டு வரும் ஆண்கள் 5 மணியிலிருந்து 6 மணிக்குள் அடித்துப் பிடித்துக் குடித்த காலம் அது. நியூ சவுத் வேல்ஸில் 1955லும் விக்டோரியாவில் 1966லும்தான் அது முடிவுக்கு வந்தது. பெண்களைப் பப்ளிக் பாருக்குள் விடாத வழக்கமும் நீண்ட நாள் இருந்தது. 1965ல் பிரிஸ்பேனின் ரெகாட்டா ஹோட்டலில் மெர்ல் தார்ன்டன், ரோசலி பாக்னர் என்ற இரண்டு பெண்கள் பார் கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். ராத்திரி நெடுநேரம் திறந்திருக்கலாம், எல்லாரும் வரலாம் என்று ஆன பிறகுதான் ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுகிற பப் பரவலானது. இன்று வெள்ளிக்கிழமை ராத்திரி பிஸ்ட்ரோவில் பாட்டி, தாத்தா, தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை எல்லாரையும் பார்க்கலாம்.

எந்த பப், எந்த நாள்

எல்லா பப்பிலும் ஸ்டேக் இருக்கும், எல்லா பப்பும் அதில் அக்கறை காட்டுவதில்லை. மெனுவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெறுமனே 'ஸ்டேக், சிப்ஸ், சாலட்' என்று ஒரு வரி இருந்தால் அங்கே வேறு ஏதாவது சாப்பிடுங்கள். ஸ்டேக்கில் பேர் வாங்கிய பப் என்றால் நான்கைந்து பகுதிகள் தனித்தனியாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எடை கிராமில் இருக்கும், மாடு புல் தின்றதா தானியம் தின்றதா, எந்த ஊர்க் கறி என்பது வரைக்கும் எழுதியிருப்பார்கள். பிரிஸ்பேனில் 1889ல் கட்டிய பிரேக்ஃபாஸ்ட் க்ரீக் ஹோட்டல் இதற்கு நல்ல உதாரணம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பச்சைக் கறியைப் பார்த்து நமக்கு வேண்டிய துண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்த ஊருக்குப் போனால் ஒரு மதியமாவது அங்கே உட்காருங்கள். சில பப்களில் கறியை வாங்கி அங்கேயே இருக்கும் பார்பிக்யூவில் நாமே சுட்டுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு, முதல் முறைக்கு அது வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்களிலிருந்து வியாழனுக்குள், 'ஸ்டேக் நைட்' வைப்பார்கள். கூட்டம் குறைந்த நாளில் ஆள் சேர்ப்பதற்கான வழி அது. வழக்கமான நாளில் (கறியின் பெயர்களைக் கீழே விளக்குகிறேன்) ரம்ப் ஸ்டேக் 30 டாலரை ஒட்டியும் ஸ்காட்ச் ஃபில்லே 40, 50 டாலர் வரையும் போகும், ஸ்டேக் நைட்டில் 20 டாலர் அளவுக்கே ஒரு முழுத் தட்டு கிடைக்கும். அன்று பெரும்பாலும் ரம்ப்தான், எடையும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், சில இடங்களில் கூடவே ஒரு பானம் வாங்கினால்தான் அந்த விலை. சின்ன எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள். படிப்பதற்கு வந்த பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்டேக் நைட்டில் தொடங்குங்கள் என்றுதான், மனசுக்குப் பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

நேரத்தில் நம் ஆட்கள் கோட்டை விடுவது வழக்கம். பப் நள்ளிரவு வரை திறந்திருக்கும், ஆனால் கிச்சன் அப்படியில்லை. மதியம் 12 மணி முதல் 2 அல்லது 2.30 வரை, ராத்திரி 5.30 அல்லது 6 மணி முதல் 8.30 வரை என்பதுதான் பல இடங்களில் கணக்கு. 9 மணிக்குச் சாவகாசமாகப் போனால் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். 6.30க்குப் போய்விடுங்கள், வெள்ளி, சனி என்றால் போனில் கூப்பிட்டு மேசை சொல்லி வையுங்கள்.

எந்தப் பகுதிக் கறி

மெனுவில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வரும் பெயர்கள் ஐந்து. மாடு எந்தத் தசைக்கு எவ்வளவு வேலை கொடுத்தது என்பதைப் பொறுத்துக் கறியின் தன்மை மாறுகிறது, நம் ஊரில் ஆட்டுத் தொடைக்கறிக்கும் நெஞ்சுக்கறிக்கும் வித்தியாசம் பார்த்து வாங்குகிறோமே, அதே கணக்கு.

ரம்ப் பின்பக்கத்துக் கறி. நடக்கும்போது வேலை செய்யும் தசை என்பதால் கொஞ்சம் மென்று சாப்பிட வேண்டும், ஆனால் கறியின் ருசி இதில் மற்றதைவிடத் தூக்கலாக இருக்கும். பப் ஸ்டேக் என்றாலே ரம்ப்தான் என்று இங்குள்ளவர்கள் நினைப்பதற்கு விலை ஒரு காரணம், இந்த ருசி இன்னொரு காரணம். ஒரே துண்டுக்குள் இரண்டு மூன்று தசைகள் சேர்ந்திருக்கும், அதனால் ஒரு பக்கம் மென்மையாகவும் இன்னொரு பக்கம் கொஞ்சம் அழுத்தமாகவும் இருப்பது இயல்பு. ஓரத்தில் கொழுப்புப் பட்டையோடு இருக்கும் முனை ரம்ப் கேப், அதைக் கடைசி வாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்ச் ஃபில்லே என்பது விலா எலும்பு ஓரத்துக் கறியை எலும்பு நீக்கி எடுப்பது. வேறு நாடுகளில் இதை ரிப் ஐ என்பார்கள். உள்ளே கொழுப்பு நரம்பு நரம்பாக ஓடும், நடுவில் ஒரு கொழுப்பு முடிச்சும் இருக்கும். சூட்டில் அது உருகிக் கறியோடு கலந்துவிடுவதால் தப்பு நடந்தாலும் ஓரளவு தாங்கும் கறி இது. முதல் தடவை, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்றால், யோசிக்காமல் இதைக் கேளுங்கள்.

போர்ட்டர்ஹவுஸ் என்று விக்டோரியாவில் சொல்வதும் சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் சர்லாயின் என்று சொல்வதும் ஒரே கறி: முதுகுப் பகுதி, எலும்பில்லாமல், ஒரு பக்க ஓரத்தில் வெள்ளைக் கொழுப்புப் பட்டையோடு. அமெரிக்காவில் போர்ட்டர்ஹவுஸ் என்றால் எலும்போடு வரும் வேறு பெரிய துண்டு, அங்கிருந்து வந்த நண்பர் கூட இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டி-போன் எலும்போடு வருவது, எலும்பின் ஒரு பக்கம் இந்த சர்லாயின், மறுபக்கம் சின்னதாக ஐ ஃபில்லே. எலும்பை ஒட்டிய கறி மெதுவாக வேகும் என்பதால் அந்த இடம் கொஞ்சம் கூடுதல் சிவப்பாக இருக்கும்.

ஐ ஃபில்லே, சென்னைக் கறிக்கடைகளில் அண்டர்கட் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். முதுகெலும்புக்கு அடியில் வேலையே செய்யாமல் கிடக்கும் தசை, வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். விலையும் அதிகம். கொழுப்பு குறைவு என்பதால் ருசியும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும், என்னைக் கேட்டால் பப்பில் இதற்குக் கொடுக்கும் காசு ஸ்காட்ச் ஃபில்லேவுக்குக் கொடுப்பதைப் போல நியாயமாகத் தெரிவதில்லை. மென்று சாப்பிட முடியாத வயதானவர்கள் கூட வந்தால் மட்டும் அவர்களுக்கு இது.

பெயருக்குக் கீழே இருக்கும் மற்ற விவரங்களையும் பாருங்கள். எடை எல்லாம் வேகும் முன் உள்ள எடை. 300 கிராம் ஒருவருக்குத் தாராளம், 500 கிராம் துண்டைப் பந்தயத்துக்காக வாங்க வேண்டாம். புல் தின்ற மாட்டின் கறி அழுத்தமான ருசியோடு இருக்கும், கொழுப்பு கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், புல்லில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காரணம், பழைய கறி என்று நினைத்துவிட வேண்டாம். தானியம் தின்ற மாட்டின் கறியில் கொழுப்பு வெள்ளையாகவும் அதிகமாகவும் இருக்கும், மெனுவில் '100 நாள்' என்றெல்லாம் போட்டிருப்பது எத்தனை நாள் தானியம் கொடுத்தார்கள் என்பது. மார்பிளிங் ஸ்கோர் என்ற எண், கறிக்குள் ஓடும் கொழுப்பின் அளவு: 0 முதல் 9 வரை, எண் ஏற ஏற விலையும் ஏறும். எம்.எஸ்.ஏ. என்ற எழுத்து இருந்தால் நல்லது. மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா என்ற தர முறை அது. ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்களைச் சாப்பிடவைத்துச் சொன்ன மதிப்பெண்ணை அடிப்படையாக வைத்து, எந்தப் பகுதி எந்தச் சமையல் முறைக்கு எவ்வளவு மென்மையாக வரும் என்று கணித்துத் தரம் கொடுக்கிறார்கள்.

எந்தப் பதம்

இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். கறி என்றால் நன்றாக வேக வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம், குழம்புக் கறிக்கு அது சரி. குழம்பில் கறி மணிக்கணக்காகக் கொதிக்கும்போது தசையைச் சுற்றியுள்ள சவ்வு கரைந்து கறி பஞ்சாகிறது. ஸ்டேக் சில நிமிடங்களே அடுப்பில் இருக்கிறது, சவ்வு கரைய அந்த நேரம் போதாது. மாறாக, உள்சூடு 60 டிகிரியைத் தாண்டி ஏற ஏறத் தசை இறுகி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் அதிகம் வேகவைத்த ஸ்டேக் அழுத்தமாகிறது, இன்னும் வேகட்டும் என்று விட்டால் இன்னும் அழுத்தமாகிறது.

தட்டில் வரும் சிவப்பு நீர் ரத்தம் என்ற பயம் பலருக்கு. ரத்தம் மாட்டை அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது. இது கறியிலுள்ள நீரும் மயோகுளோபின் என்ற புரதமும் சேர்ந்தது, சிவப்பு நிறம் அந்தப் புரதத்துடையது. கிருமிகள் பற்றிய கவலைக்கும் பதில் உண்டு. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும், கடும் சூட்டில் இரண்டு பக்கமும் சுடும்போது அவை போய்விடும். கொத்துக்கறியில் வெளிப்புறம் உள்ளே கலந்துவிடுவதால் பர்கர் மட்டும் முழுசாக வேக வேண்டும். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் ஸ்டேக்கையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

பதங்களை வரிசையாகச் சொல்கிறேன். ப்ளூ என்றால் வெளியே மட்டும் சூடு காட்டியது, உள்ளே கிட்டத்தட்டப் பச்சை. ரேர், உள்சூடு 50 டிகிரியை ஒட்டி, நடுவில் நல்ல சிவப்பு. மீடியம் ரேர் 55ஐ ஒட்டி, சிவப்பு கலந்த ரோஜா நிறம், உள்ளே சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். மீடியம் 60ஐ ஒட்டி, முழுக்க வெளிர் ரோஜா நிறம். மீடியம் வெல்லில் நடுவே ஒரு கோடு மட்டும் ரோஜா. வெல் டன் 70ஐத் தாண்டியது, முழுக்கப் பழுப்பு.

இப்போது பகுதியையும் பதத்தையும் சேருங்கள். ரம்ப்பை மீடியம் ரேரில் கேளுங்கள், மீடியம் வரை போகலாம், அதற்கு மேல் போனால் தாடை வலிக்கும். ஐ ஃபில்லேயில் காப்பாற்றக் கொழுப்பு இல்லை, அதனால் அது ரேர் அல்லது மீடியம் ரேர். போர்ட்டர்ஹவுஸுக்கு மீடியம் ரேர். ஸ்காட்ச் ஃபில்லேக்கு மட்டும் உள்ளே உள்ள கொழுப்பு உருகக் கொஞ்சம் கூடுதல் சூடு தேவை, மீடியம் ரேருக்கும் மீடியத்துக்கும் நடுவில் இருந்தால் பிரமாதம், வாக்யூ மாதிரி கொழுப்பு அதிகமுள்ள கறிக்கும் இதேதான். முதல் முறை சாப்பிடுகிறவருக்குச் சிவப்பைப் பார்த்தால் மனசு ஒப்பாது என்றால் ஸ்காட்ச் ஃபில்லேயை மீடியத்தில் சொல்லுங்கள், கண்ணுக்கும் நாக்குக்கும் அது பொருந்தும்.

வெல் டன்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களைக் கேலி செய்யும் பழக்கம் இங்கே உண்டு, எனக்கு அது பிடிக்காது. அவரவர் வாய், அவரவர் காசு. ஆனால் வெல் டன் சாப்பிடுகிறவர் ரம்ப்பையும் ஐ ஃபில்லேயையும் விட்டுவிட்டு ஸ்காட்ச் ஃபில்லேயைத்தான் வாங்க வேண்டும், அந்தக் கொழுப்பு கறியை வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும். துண்டு தடிமனாக இருந்தால் 'பட்டர்ஃப்ளை' செய்யச் சொல்லிக் கேளுங்கள், நடுவில் பிளந்து விரித்துச் சுடுவார்கள், வெளியே கருகாமல் உள்ளே வெந்துவிடும். அரை மணி நேரம் ஆனாலும் பொறுமையாக இருங்கள். கூட ஒரு சாஸும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் சொல்வது

இங்கே சர்வர் மேசைக்கு வந்து கேட்க மாட்டார். முதலில் ஒரு மேசையைப் பிடியுங்கள், அதில் ஒட்டியிருக்கும் எண்ணை மனசில் வையுங்கள், ஒருவரை மேசையில் உட்காரவைத்துவிட்டுப் பிஸ்ட்ரோ கவுண்டருக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். காசும் அங்கேயே முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஸ்டேக் கேட்டால் வரிசையாக மூன்று கேள்விகள் வரும்: எந்தப் பதம், என்ன சாஸ், சிப்ஸும் (இங்கே நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) சாலடுமா இல்லை மசித்த கிழங்கும் வெந்த காய்கறியுமா. அவர்கள் பேசும் வேகத்தில் இது ஒரே சொல் மாதிரி காதில் விழும். அதனால் முந்திக்கொண்டு நாமே ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது: "டேபிள் 24, ஒரு ரம்ப், மீடியம் ரேர், சிப்ஸ் அண்ட் சாலட், மஷ்ரூம் சாஸ் ஆன் த சைட், ப்ளீஸ்." அந்த ஆன் த சைட் முக்கியம். பல இடங்களில் கறியைச் சிப்ஸ் மேலேயே வைத்து சாஸை ஊற்றிவிடுவார்கள், ஐந்து நிமிடத்தில் சிப்ஸ் நமத்துப் போகும், சுட்ட கறியின் மேல்மொறுமொறுப்பும் போய்விடும்.

சாஸில் காளான், மிளகு, டயான், கிரேவி, பூண்டு வெண்ணெய் என்ற ஐந்தும் எங்கும் இருக்கும். நம் நாக்குக்கு மிளகு சாஸ் உடனே ஒத்துப்போகும். டயான் இனிப்பும் புளிப்புமாக க்ரீமோடு இருக்கும். அதிலும் மிளகு சாஸிலும் சில சமயம் பிராந்தி சேர்ப்பார்கள், மது வேண்டாம் என்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கறி நல்லதாக இருக்கும் பப்பில் பூண்டு வெண்ணெய் போதும். 'ரீஃப் அண்ட் பீஃப்' என்று மெனுவில் பார்த்தால் அது ஸ்டேக்கின் மேல் க்ரீமில் செய்த பூண்டு இறால் வைத்துத் தருவது. தனித்தனியாக இரண்டுமே எனக்குப் பிடிக்கும், சேர்த்துச் சாப்பிடுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

பணம் கட்டியதும் ஒரு எண் பலகையோ, கையில் பிடிக்கும் பஸ்ஸரோ கொடுப்பார்கள். பஸ்ஸர் அதிர்ந்தால் நீங்கள்தான் போய்த் தட்டை எடுத்துவர வேண்டும். இப்போது சில இடங்களில் மேசையிலேயே க்யூ.ஆர். இருக்கிறது, போனில் சொல்லிவிடலாம், புதிதாக வந்தவர்களுக்கு அது சுலபம்தான். இருந்தாலும் ஒரு தடவையாவது கவுண்டரில் நின்று பேசிப் பாருங்கள், இன்றைக்கு எந்தக் கறி நன்றாக இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

பாரில்

பானம் தனிக் கவுண்டர், தனிக் காசு. 18 வயது ஆக வேண்டும், இளமையாகத் தெரிந்தால் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கேட்பார்கள். பீர் கிளாஸின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிட்னியில் 425 மி.லி. கிளாஸ் ஸ்கூனர், 285 மி.லி. மிடி. மெல்போர்னில் அதே 285 மி.லி. பாட். அடிலெய்டில் ஸ்கூனர் கேட்டால் 285 மி.லி.தான் வரும், பைன்ட் கேட்டால் 425 மி.லி., மற்ற ஊர்களில் பைன்ட் 570 மி.லி. காரில் வந்திருந்தால் இது விளையாட்டல்ல. முழு உரிமம் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் மது அளவு 0.05க்குக் கீழே இருக்க வேண்டும், எல், பி பலகை வைத்து ஓட்டுகிற பழகுநர்களுக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் பூஜ்யம். வழக்கமான வீரியமுள்ள பீர் ஒரு ஸ்கூனரே ஒன்றரை 'ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்'குக்கு (மதுவின் அளவைச் சொல்ல இங்கே பயன்படுத்தும் அலகு) மேல். ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதுதான் சரி, ரயிலில் வருவது இன்னும் சரி.

நண்பர்களோடு போனால் 'ஷவுட்' வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போய் எல்லாருக்கும் வாங்கி வருவார், அடுத்த சுற்று இன்னொருவர் முறை. உங்கள் முறை வரும்போது நழுவினால் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். குடிக்காதவர் தொடக்கத்திலேயே நான் சுற்றில் இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மதுவை முழுக்கத் தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: லெமன் லைம் அண்ட் பிட்டர்ஸ் குளிர்பானம் மாதிரி எல்லாரும் குடிப்பார்கள், அதில் விடும் பிட்டர்ஸில் மது உண்டு, சில துளிகள்தான் என்றாலும். ஓரமாக ஒரு மேசையில் குடிதண்ணீர் ஜக்கும் கிளாஸும் இருக்கும், அது இலவசம், நாமே ஊற்றிக்கொள்ள வேண்டியது.

தட்டு வந்ததும்

கத்தி, முள்கரண்டி, நாப்கின் எல்லாம் ஓரத்து மேசையில் இருக்கும், போய் எடுத்து வாருங்கள். ஸ்டேக்குக்கென்று பல் வைத்த கத்தி தனியாக இருந்தால் அதை எடுங்கள். அங்கேயே கடுகு விழுதும் இருக்கும். ஹாட் இங்கிலிஷ் என்ற மஞ்சள் கடுகு மூக்கில் ஏறும், காரம் தேடும் நமக்கு அது நல்ல துணை.

முதல் வேலையாக நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். கேட்டதைவிடக் குறைவாக வெந்திருந்தால் அப்போதே எடுத்துக்கொண்டு போய் அமைதியாகச் சொல்லுங்கள், அடுப்பில் இன்னும் கொஞ்சம் போட்டுத் தருவார்கள். அதிகமாக வெந்திருந்தால் திரும்பப் பச்சையாக்க முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும், நல்ல பப்பில் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். மீடியம் ரேர் கேட்ட கறி சாம்பல் நிறத்தில் வந்தும் சும்மா இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புவது நம் வழக்கம், அதை மட்டும் செய்யாதீர்கள். பாதி தின்ற பிறகு கொண்டு போவதும் முறையல்ல.

வெட்டும்போது தசைநார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். நார் நீளம் குறைந்தால் மெல்லும் வேலை குறையும். ரம்ப்பில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதிலும் தசைக்குத் தசை நாரின் திசை மாறும், கத்தியைத் திருப்பிக்கொண்டே போங்கள். முழுவதையும் முதலிலேயே துண்டு போட்டுவிட்டால் ஆறிவிடும், சாறும் தட்டில் வடிந்துவிடும், வாய்க்கு வாய் வெட்டிச் சாப்பிடுவதுதான் சரி. முதல் வாய் சாஸ், உப்பு எதுவும் இல்லாமல் வெறும் கறியாக இருக்கட்டும். ஓரக் கொழுப்பு பொன்னிறமாகச் சுட்டிருந்தால் ஒதுக்காதீர்கள், கறித்துண்டோடு கொஞ்சமாகச் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர் கூட வந்தால்

நம் கூட்டத்தில் இது எப்போதும் நடக்கும், அவருக்கும் சாப்பாடு உண்டு. சிக்கன் ஷ்னிட்ஸல் (ரொட்டித் தூள் பூசிப் பொரித்த தட்டையான கோழிக்கறி), பார்ரமுண்டி மீன், சில இடங்களில் ஆட்டுக்கறி. ஆனால் மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். ஷ்னிட்ஸலோடு ஊற்றும் கிரேவி பெரும்பாலும் மாட்டுச் சாறில் செய்தது. சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் பப்களும் இருக்கின்றன, சிலர் அதைப் பெருமையாகப் பலகையிலேயே எழுதுகிறார்கள். மூன்றாவது, சிக்கன் பார்மி (ஷ்னிட்ஸல் மேல் தக்காளி சாஸும் சீஸும் வைத்தது), மெல்போர்னில் பார்மா, அதில் சீஸுக்கு அடியில் பன்றிக்கறி ஹாம் வைப்பது சகஜம், ஹாம் இல்லாமல் என்று சொன்னால் செய்து தருவார்கள். எல்லாம் ஒரே கிரில்லில் சுடுவதும் உண்டு, மனசுக்கு ஒப்பாதவர்கள் கேட்டுக்கொள்ளலாம். ஹலால் வேண்டுபவர்களுக்குச் சாதாரண பப் தோதான இடம் அல்ல, முன்கூட்டியே போனில் கேட்காமல் போக வேண்டாம். சைவருக்கு ஒரு பர்கரும் ஒரு பாஸ்தாவும் இருக்கும், அதற்கு மேல் ஸ்டேக் பப்பில் எதிர்பார்க்காதீர்கள்.

கிளம்பும்போது

காசு முதலிலேயே கொடுத்துவிட்டதால் பில்லுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. டிப்ஸ் கட்டாயம் இல்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் சில இடங்களில் 10, 15 சதவீதம் கூடுதல் கட்டணம் போடுவார்கள், மெனுவின் அடியில் இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருவர் சீட்டுக் கட்டோடு மேசை மேசையாக வந்தால் அது மீட் ராஃபிள். உள்ளூர் விளையாட்டு கிளப்புக்குப் பணம் திரட்டுவார்கள், குலுக்கலில் ஜெயித்தால் சாப்ஸும் சாசேஜும் அடுக்கிய ஒரு தட்டு கறி பரிசு. இரண்டு டாலருக்கு ஒரு சீட்டு வாங்குங்கள், பக்கத்து மேசைக்காரரோடு பேச அதைவிட நல்ல வழி இல்லை.

கறி மிஞ்சினால் ஒரு டப்பா கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத் தோல்தான். குறுக்கே மெல்லிசாக அரிந்து தனியாக வையுங்கள். வாணலியில் வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் வதக்கி, இடித்த மிளகு தாராளமாகப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு கறியைச் சேர்த்துப் புரட்டுங்கள். அந்தச் சூடே போதும்.